உங்களுக்குத் தெரியுமா? நைசான பொடியைச் சலிப்பதுதான் கஷ்டம்!

சல்லடை வலையில் ஓர் அங்குல நீளத்துக்கு எத்தனை கண்கள் என்பதே ‘மெஷ்’ எண். 200 மெஷ் வலையின் ஒரு கண் 75 மைக்ரான். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். 325 மெஷ் என்றால் 45 மைக்ரான்தான்.

இவ்வளவு நைசான பொடியை வெறுமனே ஆட்டிச் சலித்துவிட முடியாது. நிலைமின்சாரத்தாலும் ஈரத்தாலும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கண்ணின் அளவே இருக்கும் துகள் அதிலேயே சிக்கி அடைத்துவிடும். அதனால் பல ஆலைகளில் வலைக்கு அடியில் ரப்பர் பந்துகளைப் போடுகிறார்கள். எந்திரம் அதிரும்போது அவை துள்ளித் துள்ளி வலையைத் தட்டும். அதற்கும் மசியாத பொடி உண்டு. அங்கே வலையோடு மீயொலிக் கருவியைப் பொருத்தி, வினாடிக்குச் சுமார் 35,000 முறை அதை நடுங்க வைக்கிறார்கள். காதுக்கு எட்டாத அந்த நடுக்கத்தில், அடைந்து கிடந்த பொடி மளமளவென இறங்குவது அருமையான காட்சி! உலோக 3டி பிரிண்டிங்கில் உருகாமல் மிஞ்சும் பொடியையும் இப்படிச் சலித்துத்தான் மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

நிலைமின்சாரம் தீப்பொறியையும் கிளப்பும் என்பதால், சலிக்கும் எந்திரத்துக்கு எர்த் இணைப்பு மிக முக்கியம். காற்றில் பறக்கும் சர்க்கரைத் தூள்கூட ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். 2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சர்க்கரை ஆலையொன்றில் நடந்த தூசி வெடிப்பு 14 உயிர்களைப் பறித்தது.