திரையில் ஏறிய டொலர்

இலங்கை மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் ‘ஸ்போர்ட்ஸ் செயின்’, ‘ஒன்மெக்ஸ் டீடீ’ ஆகிய பெயர்களும் உள்ளன. பழைய சீட்டு மோசடிதான். இம்முறை கிரிப்டோ, இணைய வர்த்தகம் என்ற புதுச் சட்டை.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. மிளகும் கராம்பும் விற்ற காசு வீட்டில் இருந்தாலே கரைந்துவிடும் என்ற பயம் எங்கள் இரத்தோட்டையிலும் இருந்தது. “பாருங்கொ நானா, தூங்கி எழும்புறதுக்குள்ள டொலர் ஏறீக்கி” என்று இப்படியொரு செயலியை என்னிடமும் ஒருவர் நீட்டினார்.

ஏறியது எது? கம்பனியின் கணினியில் யாரோ தட்டிய இலக்கம். 2014இல் பல்கேரியாவில் தொடங்கிய ‘ஒன்கொயின்’ இதற்கு நல்ல சான்று. அந்த நாணயத்துக்கு உண்மையான பிளொக்செயின் இருக்கவில்லை. விலையை நிர்வாகமே தீர்மானித்தது. சுருட்டியது 400 கோடி டொலருக்கும் மேல் என்கிறது அமெரிக்க அரசுத் தரப்பு. நிறுவுநர் ருஜா இக்னாடோவா 2017 ஒக்டோபரில் தலைமறைவானார். கூட்டாளி கார்ல் கிரீன்வுட்டுக்கு 2023இல் 20 ஆண்டுச் சிறை.

அப்படியானால் ஆரம்பத்தில் சிலருக்குக் காசு கிடைப்பது எப்படி? பின்னால் வருபவரின் பணம் முன்னால் நிற்பவருக்குப் போகிறது. ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க, அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்த்தால், ஆறாம் படியில் 15,625 பேர் வேண்டும். பதினோராம் படியில் 4 கோடி 88 லட்சம். இலங்கையின் சனத்தொகை அதில் பாதிகூட இல்லை! எந்தப் படியில் உடைந்தாலும், சேர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் கடைசிப் படியில்தான் நிற்பார்கள்.

“வட்டி இல்லையே, கமிஷன்தானே, ஹலால்” என்பார்கள். முழாரபாவில் இலாபம் வியாபாரத்திலிருந்து வரவேண்டும். இங்கே வியாபாரமே கிடையாது. அடுத்தவன் போட்ட முதல்தான் உங்கள் இலாபம்.

வங்கித்தொழில் சட்டம் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியவரோடு நிற்பதில்லை. ஊக்குவித்தவர், விளம்பரம் செய்தவர், நிதி கொடுத்தவர் எல்லோரும் குற்றவாளிகள். ஊரில் முறைப்பாடு எழாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சேர்த்துவிட்டவர் மச்சானாக இருப்பார், அல்லது பக்கத்து வீட்டுக்காரர். அவரும் காசைப் பறிகொடுத்தவர்தான், ஆனால் நாலு பேரிடம் கமிஷனும் வாங்கியிருப்பார். முறைப்பாடு செய்தால் பொலிஸார் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். மேலே இருந்தவனின் முகத்தை யாரும் கண்டதே இல்லை.