மருந்துக்கு அஞ்சாக் கிருமிகள்

வன்னி என்றதும் முன்னாளில் மக்கள் நினைவுக்கு வந்தவை இரண்டு: ஒன்று நெல், மற்றொன்று மலேரியாக் காய்ச்சல். காடு வெட்டிக் கமஞ்செய்யச் சென்றோர் யானையினும் நுளம்புக்கே அஞ்சினர்.

டி.டி.ரி. தெளித்தும் குளிசை வழங்கியும் போராடியதன் பயனாக, 1963 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கே இந்நோய் காணப்பட்டது. வெற்றி கிட்டிற்றென விழிப்புத் தளர்ந்தது. சில ஆண்டுகளிலேயே நோய் மீண்டும் பரவிற்று. நுளம்புகள் டி.டி.ரி.யைத் தாங்கப் பழகின. 1984 இல், குளோரோகுயின் மருந்துக்கு அடங்காத மலேரியாக் கிருமியும் இந்நாட்டிற் கண்டறியப்பட்டது.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? கோடிக்கணக்கிற் பெருகும் கிருமிகளுள் ஒரு சில, மருந்தைத் தாங்கும் இயல்புடன் தோன்றுகின்றன. மருந்து ஏனையவற்றை அழிக்க, இவை எஞ்சிப் பெருகுகின்றன. பின்னர் அம்மருந்து எவருக்கும் பயன்படாது போகின்றது.

ஆயினும் வன்னி மக்கள் மலேரியாவை வென்றனர். போர் நடந்த காலத்திலும் இரு தரப்பினரும் மலேரியா ஒழிப்புப் பணிக்கு இடமளித்தனர். சுகாதார ஊழியர் வீடு தேடிச் சென்று இரத்தம் சோதித்தனர்; தொண்டர்கள் மருந்திட்ட நுளம்புவலை வழங்கினர்; ஜெனீவாவிலுள்ள உலகளாவிய நிதியம் பொருளுதவி புரிந்தது. 2012 ஒக்ரோபருக்குப் பின் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா காணப்படவில்லை. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

இன்று பெனிசிலின் முதலிய மருந்துகளுக்கும் அதே ஆபத்து நேர்ந்துள்ளது. மனிதருக்கு மட்டுமன்றி, கோழிக்கும் மாட்டுக்கும் இவை அளவின்றிக் கொடுக்கப்படுகின்றன. கழிவுநீரோடு கலந்து மண்ணையும் அடைகின்றன. ஆதலின் சுகாதாரம், விவசாயம், விலங்கு நலம், சுற்றாடல் ஆகிய நான்கு துறைகளின் உலக நிறுவனங்களும் கைகோத்துள்ளன. மருந்துக்கு அடங்காக் கிருமிகளால் நேரும் மரணங்களை 2030 அளவில் 10 வீதம் குறைப்பதென 2024 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் உறுதிபூண்டது.

நம் வீட்டிலும் கடமை உண்டு. வைத்தியர் எழுதித் தராத மருந்தைக் கடையில் வாங்கலாகாது. எழுதித் தந்ததை இடையில் நிறுத்தலாகாது. எஞ்சிய குளிசையை அயலவருக்குக் கொடுக்கலாகாது. தடிமலுக்கு இம்மருந்துகள் பயன்படா. மிருக வைத்தியரைக் கேளாது கால்நடைக்கும் கொடுக்கலாகாது.

இரணைமடுக் குளத்து நீரை ஒருவர் முறையின்றிப் பாய்ச்சினால், கடைவாய்க்கால் வயல் காயும் என்பதை வன்னிக் கமக்காரர் நன்கறிவர். மருந்தின் ஆற்றலும் அத்தகைய பொதுச்சொத்தே. அதனை நம் பிள்ளைகளுக்கும் எஞ்ச விடுவோமாக.