இரும்புக்கை மாயாவி ஏரியூருக்கு வரும் வழி

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் வெளியானது. மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்து இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும் மனிதனின் கதை அது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழில் தொடங்கிய அந்தத் தொடர், ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் தமிழ்ப் பிள்ளைகளின் சொந்தச் சொத்தாகிவிட்டது. 1984 ஜூலையில் சிவகாசியிலிருந்தே லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் புறப்பட்டன. அந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்று நடுவயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் தங்கள் இளமையைப் பேசும்போது சேகரிப்புக் கணக்குதான் முன்னால் வருகிறது: எந்த எண் இருந்தது, எது கிடைக்கவே இல்லை, எதை அம்மா பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டார். அந்த ஏக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தின் பெருமை அலமாரியில் இருந்ததைவிடக் கைமாற்றத்தில்தான் அதிகம் இருந்தது என்பது என் கருத்து. அதை மறந்துவிட்டதால்தான் தர்மபுரி மாவட்டத்து ஏரியூர் போன்ற ஊர்களில் இன்றைய பிள்ளைக்குக் காமிக்ஸ் எட்டாத பொருளாகிவிட்டது.

அப்போது ஒரு காமிக்ஸ் பயணப்பட்ட பாதையை நினைத்துப் பாருங்கள். பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும். காசு வைத்திருக்கும் ஒரு பையன் வாங்குவான். அவன் படித்து முடிப்பதற்குள் வகுப்பில் நாலு பேர் முறை சொல்லி வைத்திருப்பார்கள். மாயாவியைக் கொடுத்து ஸ்பைடர் என்ற இன்னொரு நாயகனின் கதையை வாங்கும் பண்டமாற்று நடக்கும். வாடகை நூல் நிலையத்தில் சில்லறைக் காசுக்கு ஒரு நாள் இரவல் கிடைக்கும். அட்டை கிழிந்து பழைய புத்தகக் கடைக்குப் போனாலும் அதன் ஆயுள் முடியாது, பாதி விலைக்கு இன்னொரு வீட்டுக்குள் நுழையும். ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய்க்குத் தொடங்கியது. தினத்தந்தி போய்ச் சேர்ந்த இடமெல்லாம் அதுவும் போய்ச் சேர வழி இருந்தது. 2005 வரை 500 இதழ்கள் அது நீடித்ததற்கு ஜேம்ஸ் பாண்டும் முகமூடி வீரர் மாயாவியும் (இரும்புக்கையர் அல்ல, இவர் வேறு மாயாவி) எவ்வளவு காரணமோ, அந்த விலையும் விநியோகமும் அவ்வளவு காரணம். வாங்கியவர் ஒருவர், படித்தவர் பலர் என்ற இந்த ஏற்பாட்டை யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. அரசு காசு செலவழிக்காமலேயே ஊர்தோறும் ஒரு நூலகம் நடந்தது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அந்த நூலகம் உண்மையில் என்ன கற்றுக்கொடுத்தது? படம் பார்ப்பது படிப்பாகுமா என்று அன்றைய பெற்றோர் கேட்டார்கள். இன்றைய ஆசிரியர்களில் சிலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஏனென்றால் படத்தை மட்டும் புரட்டிவிட்டு மூடும் பிள்ளையும் உண்டு. ஆனால் தமிழ்ப் பிள்ளையின் சிக்கலைக் கவனிக்க வேண்டும். வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, பாடநூலில் இருக்கும் தமிழ் வேறொன்று. தாய் தந்தை படிக்காத வீட்டுப் பிள்ளைக்கு இந்த இடைவெளி இன்னும் அகலம். காமிக்ஸில் ஆட்கள் பேசுகிறார்கள், ஆனால் எழுத்துத் தமிழில் பேசுகிறார்கள். வாக்கியம் சிறியது. தெரியாத சொல் வந்தால் பக்கத்திலேயே படம் பொருள் சொல்கிறது. துப்பாக்கி நீட்டியவனின் முகத்தைப் பார்த்தாலே ‘சரணடைந்துவிடு’ என்பதன் பொருள் விளங்கிவிடும், அகராதி வேண்டாம். 1960 முதல் தினத்தந்தியில் வரும் ‘கன்னித்தீவு’ படக்கதையையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். டீக்கடைப் பெஞ்சில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் அது அன்றாடம் மூன்று நான்கு கட்டங்களில் ஒரு முழு வாசிப்பைத் தந்தது.

இதற்கு அளவிட்ட சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் டொனால்டு ஹேய்ஸ், மார்கரெட் ஆரன்ஸ் இருவரும் 1988இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆயிரம் சொல்லுக்கு எத்தனை அரிய சொற்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். பட்டதாரிகள் தமக்குள் பேசும் பேச்சில் 17.3, சிறுவர் நூல்களில் 30.9, காமிக்ஸில் 53.5. ஆங்கிலத்துக்கான இந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் காமிக்ஸ் எளிய சொல்லையே தரும் என்ற எண்ணத்தைச் சந்தேகிக்க இவை போதும். காட்சியையும் செயலையும் படம் சுமந்துகொள்வதால், எழுதுகிறவர் கடினமான சொல்லைத் துணிந்து வைக்க முடிகிறது.

காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற குற்றச்சாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1954இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், சிறுவர் குற்றங்களுக்குக் காமிக்ஸும் ஒரு முக்கியக் காரணம் என்று ஒரு நூல் எழுதினார். நாடே அதிர்ந்தது. பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி வகுத்துக்கொண்டார்கள். பல ஆண்டுகள் கழித்து வெர்தாமின் குறிப்பேடுகளை ஆராய்ந்த கேரல் டில்லி, அவர் தம் சான்றுகளைத் திரித்திருந்தார் என்று 2012இல் காட்டினார். அதற்காகக் கதைகளில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. காட்டு மக்களை ஆள ஒரு வெள்ளைக்காரர் வேண்டும் என்ற எண்ணம் முகமூடி வீரரின் கதைகளில் ஊறியிருக்கிறது. கௌபாய் கதைகள் பலவற்றில் செவ்விந்தியர் சுடப்படுவதற்கென்றே வந்து போகிறார்கள். ஆனால் அதே தமிழ்க் காமிக்ஸில்தான் நவஹோ மக்களின் தலைவராகவே மதிக்கப்படும் டெக்ஸ் வில்லரும் இருக்கிறார். லயன் காமிக்ஸின் முதல் இதழே மாடஸ்டி என்ற பெண்ணைத்தான் நாயகியாக வைத்தது. ஒரு வகைக் கதையை மட்டும் படிக்கும் பிள்ளைதான் அதன் கண்ணாலேயே உலகைப் பார்க்கும். பல வகை கையில் கிடைத்தால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடத் தானே கற்றுக்கொள்ளும். அதற்கும் கைமாற்றம்தான் தேவைப்படுகிறது.

இன்று நிலை வேறு. லயனும் முத்துவும் இன்னும் வருகின்றன. 2012க்குப் பிறகு வழவழப்பான தாளில் முழு வண்ணத்தில், ஐரோப்பாவின் தேர்ந்த கதைகளோடு வருகின்றன. அச்சின் தரத்தில் அந்தக் காலத்துச் சாணித் தாள் இதன் பக்கத்தில் நிற்காது. இவ்வளவு காலம் விடாமல் நடத்துகிற பதிப்பாளரின் உழைப்பை வணங்கத்தான் வேண்டும். ஆனால் இவை பெரும்பாலும் சந்தாவிலும் இணையத்திலும் புத்தகக் காட்சியிலும் விற்கின்றன. வாங்குகிறவர்களில் பெரும்பான்மையினர் அன்று படித்த அதே பிள்ளைகள். பழைய முத்து காமிக்ஸ் ஒன்று சேகரிப்பாளர்களிடையே ஆயிரக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுகிறது. விலை ஏறினால் ஓர் இழப்பும் கூடவே வரும்: அவ்வளவு கொடுத்து வாங்கியதைப் பத்து வயதுப் பிள்ளையின் எண்ணெய்க் கையில் யார் கொடுப்பார்கள்? பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கும் மாயாவிக்குப் புதிய வாசகர் கிடைக்கப்போவதில்லை.

ஏரியூரை வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பென்னாகரம் வட்டத்தில், மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் எட்டிப்பிடிக்கும் ஓரத்தில் இருக்கிறது அந்த ஊர். பக்கத்து நாகமரையில் இறங்கினால் பரிசலிலோ படகிலோதான் அக்கரை போக வேண்டும். மானாவாரி நிலம் கைவிட்டால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகும் வட்டாரம் இது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதத்தைத் தொட்டபோது தர்மபுரி மாவட்டம் 68.5 சதவீதத்தோடு கடைசியில் நின்றது. வீட்டில் முதன்முதலாகப் படிக்கும் பிள்ளைகள் இங்கே அதிகம். காமிக்ஸ் மிகவும் தேவைப்படும் இடமும், அது வந்து சேர வழியே இல்லாத இடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

கையில் செல்போன் இருக்கும்போது காமிக்ஸ் எதற்கு என்று கேட்பார்கள். காணொளி தன் வேகத்தில் ஓடும், பிள்ளை பின்னால் போகும். காமிக்ஸில் வேகம் பிள்ளையின் விரலில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் கதவு மூடியிருக்கிறது, அடுத்த கட்டத்தில் ஆள் வெளியே ஓடுகிறான். நடுவில் நடந்ததைப் படிக்கிற மூளைதான் நிரப்ப வேண்டும். புரியாவிட்டால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். செல்போனை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். இந்தப் பயிற்சியை வேறெங்காவது கொடுத்தாக வேண்டும்.

அதற்கான இடம் நூலகம்தான். இந்தியாவில் பல மாநிலங்கள் யோசிக்கும் முன்பே, 1948இல் பொது நூலகச் சட்டம் கண்டது இந்த மாநிலம். நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. அந்தப் பணத்தில் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் நடக்கின்றன. போட்டித் தேர்வுக் கையேட்டுக்கு இடமிருக்கும் அங்கே, காமிக்ஸுக்கென்று ஒரு தட்டு ஒதுக்குவது பெரிய செலவில்லை. பெட்டிக்கடை வழிக்கு இல்லாத ஒரு நன்மையும் அதற்கு உண்டு. பேருந்து நிலையத்தில் நின்று புத்தகம் மாற்றிக்கொண்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பையன்கள். பெண் பிள்ளைகள் அண்ணன் படித்துப் போட்டதைத்தான் எடுத்துப் படித்தார்கள். நூலகத் தட்டு இருவருக்கும் ஒன்று. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று நூலகர் அஞ்சினால், கிழியட்டும் என்பேன். படித்துக் கிழிந்த புத்தகம் கணக்கில் நட்டமாகாது.

மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள் சிறுவர் நூல் வாங்கும் பட்டியலில் தமிழ்க் காமிக்ஸைச் சேர்க்க வேண்டும். பதிப்பாளர்கள் வண்ணப் பதிப்போடு, விலை குறைந்த கறுப்பு வெள்ளை நூலகப் பதிப்பு ஒன்றையும் யோசிக்க வேண்டும். சேகரிப்பாளர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. உங்களிடம் ஒரே கதை இரண்டு பிரதி இருந்தால், ஒன்றை ஏரியூர் போன்ற ஓர் ஊரின் பள்ளிக்கோ நூலகத்துக்கோ இந்த மாதமே அனுப்பிவையுங்கள்.