மூளைக்குள்ளும் புகைவாயு

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளும், அத்திப்பட்டில் நிலக்கரி எரிக்கும் வடசென்னை அனல்மின் நிலையமும் கக்கும் புகையில் நைட்ரிக் ஆக்சைடு இருக்கிறது. காற்றில் கலந்ததும் அது நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறி நுரையீரலை உறுத்தும். திருவொற்றியூர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே நைட்ரிக் ஆக்சைடை நம் மூளை தானே தயாரித்துக்கொள்கிறது, மிகச் சிறிய அளவில். செய்தி சொல்வதற்காக!

நரம்பணுக்கள் வழக்கமாகத் தங்கள் செய்திப் பொருள்களை நுண்பைகளில் கட்டிவைத்து, வேண்டும்போது அவிழ்க்கும். வாயுவை எந்தப் பையில் கட்டுவது? பிறந்த கணமே செல்சவ்வுகளை ஊடுருவிப் பரவி, சில வினாடிகளில் காணாமல் போய்விடுகிறது. அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. அதைத் தயாரிக்கும் நொதி எந்தெந்த அணுக்களில் குடியிருக்கிறது என்று பார்ப்பதே வழி. அந்த நொதியின் பெயர் நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ்.

வேடிக்கை என்னவென்றால், அந்த இருப்பிடத்தின் படம் முதலில் வந்துவிட்டது. அது எதன் படம் என்பது முப்பது ஆண்டு கழித்தே தெரிந்தது. 1961இல் தாமஸ், பியர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மூளைச் சீவல்களுக்குச் சாயமேற்றியபோது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நரம்பணுக்கள் மட்டும் கருநீலமாயின. சாயத்தை ஏற்ற நொதிக்கு டயாஃபரேஸ் என்ற பொதுப்பெயரே போதுமானதாக இருந்தது. 1986இல் மக்காக் குரங்கின் பார்வைப் புறணிக்கும் இதே நீலத்தில் படம் வரைந்தார்கள். 1990இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிரெட், ஸ்னைடர் இருவரும் மூளையிலிருந்து சிந்தேஸைப் பிரித்தெடுத்தார்கள். மறு ஆண்டே குட்டு உடைந்தது: பதப்படுத்திய நரம்பணுக்களை நீலமாக்கியது இந்த நொதிதான். பழைய படங்களெல்லாம் ஒரே நாளில் புது அர்த்தம் பெற்றன.

மூளைப் புறணியில் இந்த நரம்பணுக்கள் நூறில் ஒன்றிரண்டுதான். ஆனால் கிளைகள் நெடுந்தூரம் ஓடுகின்றன. வாயு அளவு மீறினால் அண்டை அணுக்கள் சாகின்றன, தயாரிக்கும் அணு பிழைத்துக்கொள்கிறது என்று ஆய்வகத்தில் வளர்த்த அணுக்களில் கண்டார்கள். ஆலை முதலாளி வேறு பேட்டையில் குடியிருப்பதுதான் நினைவுக்கு வருகிறது.

சென்னைக்கும் மூளை வரைபடம் புதிதல்ல. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி', கருவில் வளரும் மனித மூளையின் 5,132 சீவல்களைக் கொண்டது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அது அணுக்களின் இருப்பிடத்தைக் காட்டும் படம். நொதியின் முகவரி வேண்டுமென்றால், சீவல்களுக்கு அந்த நொதிக்கென்றே தனிச் சாயம் ஏற்ற வேண்டும்.