ஓட்டை எந்தச் சுவரில்?

1929-இல் ஜெர்மனியின் எபெர்ஸ்வால்டே ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், தன் கைச் சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, அப்படியே நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். அந்தக் குழாயை அளவுக்கருவியாக வளர்த்தெடுத்த கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரோடு அவருக்கும் 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று கேத் லேபில், அதாவது இதயக் குழாய்ச் சோதனைக்கூடத்தில், அதே குழாய் இதயத்தின் அறைக்கு அறை நின்று அழுத்தத்தை அளக்கிறது. அங்கங்கே எடுக்கும் சிறிதளவு இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவையும் பார்க்கிறார்கள்.

ஒரு குழந்தையின் அளவுகள் இப்படி என்று வைத்துக்கொள்வோம். மேற்பெருஞ்சிரையில் 70 சதவீதம். வலது மேலறையிலும் 70. கீழறைக்குள் குழாய் இறங்கியதும் 82. நுரையீரல் தமனியில் 84. உடலைச் சுற்றித் திரும்பிய இரத்தத்துக்கு, நுரையீரலை எட்டும் முன்பே கூடுதல் ஆக்சிஜன் ஏது? இடது கீழறையிலிருந்து கசிந்திருக்கிறது. கீழறைகளின் நடுச்சுவரில் ஓட்டை. இந்த ஏற்றம் மேலறையிலேயே தெரிந்திருந்தால் ஓட்டை மேலறைச் சுவரில் இருந்திருக்கும்.

ஓட்டை எவ்வளவு பெரிய சங்கதி என்பதற்கும் கணக்கு உண்டு. மகாதமனியில் 98. அதில் 70 போக 28, உடல் எடுத்துக்கொண்டது. 98-இல் 84 போக 14, நுரையீரல் சேர்த்தது. 28-ஐ 14-ஆல் வகுத்தால் 2. உடலுக்குப் போவதைப்போல் இருமடங்கு இரத்தம் நுரையீரலுக்குள் பாய்கிறது.

ஆனால் மூடலாமா என்பதை இந்தக் கணக்கு மட்டும் சொல்லாது. வளர்ந்தவரின் மகாதமனியில் அழுத்தம் 120 என்றால் நுரையீரல் தமனியில் 25 அளவில்தான் இருக்கும். அது மகாதமனியின் அளவை நெருங்கினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: பாயும் இரத்தம் மிகுதி, அல்லது வருடக்கணக்கில் அடிவாங்கிய நுரையீரல் நாளங்கள் தடித்துச் சுருங்கிவிட்டன. ஆக்சிஜனும் நைட்ரிக் ஆக்சைடும் கொடுத்து மறுபடி அளப்பது இதற்காகத்தான். நாளங்களின் தடை நன்றாக இறங்கினால் மூட வாய்ப்பு இருக்கிறது. இறங்கவே இல்லையென்றால், அந்த ஓட்டைதான் வலது கீழறைக்கு வடிகால். அடைத்தால் அந்தக் கீழறை திணறிப்போகும். 1897-இல் ஐசன்மெங்கர் என்ற டாக்டர் விவரித்த நிலை இதுதான்.

சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும் என்பது உண்மை. எது மூடும், எது மூடாது என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அவர் குறித்துக் கொடுத்த தேதியில் குழந்தையைக் கூட்டிப்போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.