கை மரத்தலும் மருந்தின் அளவும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் நாட்டுச் சிறுவரும் அறிந்த பழமொழி. எனினும், அந்த அளவு யாதென்பதைப் பழமொழி கூறுவதில்லை. கணக்கிட்டே அறிதல் வேண்டும். அக்கணக்குப் பிசகின் உயிருக்கே கேடு சூழும் இடங்களுள் ஒன்று, கையில் சத்திரசிகிச்சை செய்தற்பொருட்டு நரம்பை மரக்கச் செய்யும் முறையாகும். அதனைக் குறித்துச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

கழுத்தின் அடிப்பாகத்தில் தண்டுவடத்தினின்று வெளிப்படும் ஐந்து நரம்பு வேர்கள், கூடியும் பிரிந்தும் ஒரு பின்னலாகிக் காறையெலும்பின் கீழ்ச் சென்று, அக்குள் வழியாய்க் கையெங்கும் பரவுகின்றன. கையின் உணர்ச்சியும் அசைவும் பெரும்பாலும் இப்பின்னலையே பற்றியன. ஆதலின், இதனைச் சூழ மரப்பு மருந்தைச் செலுத்தினால், நோயாளி விழித்திருக்கவே நோவின்றி முறிந்த எலும்பைச் சேர்த்தல் கூடும்.

1884-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் கார்ல் கோலர், கொக்கெயின் கண்ணை மரக்கச் செய்யுமென்று காட்டினார். பின்னர் அமெரிக்க வைத்தியர் வில்லியம் ஹால்ஸ்டெட் அதனை நரம்புகளினருகே செலுத்தி ஆராய்ந்தார்; தம்முடலிலும் சோதித்தமையால் அம்மருந்துக்கு அடிமையாகித் துன்புற்றார். 1911-இல் ஜெர்மானிய வைத்தியர் குலன்காம்ப், காறையெலும்பின் மேற்புறத்தே தோல்வழி ஊசியேற்றும் முறையை வெளியிட்டார். 1943-இல் ஸ்வீடன் தேசத்தில் லிடொகெயினும், 1957-இல் பூபிவகெயினும் ஆக்கப்பெற்றன. முன்னது விரைவில் மரக்கச் செய்து விரைவில் நீங்கும். பின்னது நெடுநேரம் நிற்கும்.

இனி, ஆபத்து எங்ஙனம் நேர்கின்றதெனின், செலுத்திய மருந்து நரம்பருகே மாத்திரம் தங்குவதன்று. சிறிது சிறிதாக இரத்தத்திற் கலக்கின்றது. சோடிய அணுக்கள் நரம்பினுட் புகாதவாறு தடுத்து நோவை மாற்றும் அதே குணம், மூளையையும் இருதயத்தையும் அடைந்தால் அவற்றின் தொழிலையும் தடுக்கும். முதலில் நாவும் உதடும் மரக்கும், வாயில் உலோகச் சுவை தோன்றும், காது இரையும், பின்னர் வலிப்பு வரும், முடிவில் இருதயம் நின்றுவிடவுங் கூடும். பூபிவகெயினால் இருதயம் திடீரென நிற்றலைக் குறித்து 1979-இல் ஆல்பிரைட் என்னும் வைத்தியர் எச்சரித்தார். ஆகவே மருந்தின் மேலெல்லையை வரையறுப்பது நரம்பின் தேவையன்று; இரத்தம் தாங்கும் அளவேயாம்.

அந்த எல்லையை உடலின் எடை கொண்டு கணிப்பர். லிடொகெயினை அட்ரினலினோடு சேர்த்தால், அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்து கலத்தலைத் தாமதிப்பதால், கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை கொடுக்கலாம் என்பது வழக்கு. அது சேராவிடின் 4.5 மாத்திரமே. பூபிவகெயினுக்கோ ஏறக்குறைய 2 மில்லிகிராமே.

50 கிலோ எடையுள்ள ஒருவரைக் கொள்வோம். அட்ரினலின் சேர்ந்த லிடொகெயின் அவருக்கு 350 மில்லிகிராம் வரை ஆகும். 1 சதவீதக் கரைசலில் ஒரு மில்லி லிட்டருக்கு 10 மில்லிகிராம் உண்டாதலால், அது 35 மில்லி லிட்டர். 2 சதவீதக் கரைசலாயின் 17.5 மாத்திரமே. குப்பியின்மேல் 1 என்பதற்கும் 2 என்பதற்குமுள்ள வேற்றுமையைக் கவனியாதவர், அறியாமலே இருமடங்கு செலுத்தியவராவர். இரு மருந்துகளைக் கலப்பின், ஒவ்வொன்றுக்கும் முழு அளவு உண்டென்று எண்ணலாகாது. ஒன்றிற் பாதி கொடுத்தால் மற்றதிலும் பாதியே எஞ்சும். முதியோர்க்கும், ஈரல் அல்லது இருதயம் நலிந்தோர்க்கும் இன்னுங் குறைத்தல் வேண்டும்.

அளவு சரியாயினும் ஊசி முனை இரத்தக் குழாயினுள் இருப்பின் சிறிதளவும் நஞ்சாகும். அதனால் அடிக்கடி பின்னிழுத்து இரத்தம் வருகின்றதாவென்று பார்த்து, 3 முதல் 5 மில்லி லிட்டராக, மெல்ல மெல்லச் செலுத்துவர். இக்காலத்தில் செவிக்கெட்டா ஒலியலைகளால் நரம்பையும் ஊசியையும் திரையிற் கண்டு செலுத்துவதால், முன்னர் 30, 40 மில்லி லிட்டர் வேண்டியவிடத்து 20 மில்லி லிட்டரோ அதனினுங் குறைவோ பெரும்பாலும் போதியதாகின்றது. இடம் தெளிந்தால் அளவு குறையும் என்பது இதனாற் பெறப்படும்.

தீங்கு நேர்ந்துவிடின் உதவியும் உண்டு. இரத்தக் குழாய் வழியே நோயாளிக்கு ஊட்டமாகக் கொடுக்கப்படும் கொழுப்புப் பால்மம், பூபிவகெயினின் நஞ்சை எதிர்க்குமென்று 1998-இல் வெயின்பெர்க் என்பாரும் அவர்தம் துணைவரும் எலிகளிற் காட்டினர். 2006-இல் மனிதர் ஒருவர் அதனாற் பிழைத்த செய்தி வெளியாயிற்று. அதனை அருகில் வைத்துக்கொண்டே இவ்வூசியைத் தொடுதல் முறையாம். நோயாளியும் நாக்கு மரக்கின்றதென்றாவது, காது இரைகின்றதென்றாவது தோன்றின் உடனே சொல்ல வேண்டும். விழித்திருக்கும் நோயாளியின் சொல்லே முதல் எச்சரிக்கையாகும்.

மருந்தை ஊசிக்குழலில் நிரப்புமுன் எடையைக் கேட்டுக் கணக்கை எழுதிப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். பெருக்கலும் வகுத்தலும் எதற்கு உதவும் என்று வினவும் இளைஞர்க்கு யாம் கூறும் விடை இதுவே: ஒரு மனிதரின் இருதயம் நிற்காமலிருக்க உதவும்.