நீரை உறிஞ்சினால் நிலம் ஏன் தாழ்கிறது? டெல்லி உணர்த்தும் பாடம்

புது டெல்லி: நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்தால் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் வற்றும் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால், நீர் எடுக்கப்பட்ட இடத்தில் நிலமே கீழிறங்கும் என்பது பலரும் அறியாதது. நாட்டின் தலைநகரிலேயே இது நிகழ்ந்துள்ளது.

ஆய்வு கூறுவது என்ன?

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு, மும்பை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் டெல்லி மற்றும் சுற்றுப்பகுதிகளை ஆய்வு செய்தனர். அதன் முடிவுகள் 2022-ஆம் ஆண்டு வெளியாயின. இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள காபஷேரா பகுதியில், 2014 முதல் 2016 வரை நிலம் ஆண்டுக்கு சுமார் 11 சென்டிமீட்டர் தாழ்ந்தது. அடுத்த இரு ஆண்டுகளில் இது ஆண்டுக்கு சுமார் 17 சென்டிமீட்டராக அதிகரித்தது. குருகிராம், ஃபரீதாபாத் நகரங்களின் சில பகுதிகளிலும் நிலம் தாழ்வது கண்டறியப்பட்டது.

இவ்வளவு துல்லியமாக அளப்பது எவ்வாறு?

செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலைகள் தரையில் பட்டுத் திரும்புகின்றன. ஒரே இடத்தின் மீது வெவ்வேறு நாள்களில் பெறப்பட்ட அலைகளை ஒப்பிட்டு, தரைமட்டத்தில் ஏற்பட்ட மில்லிமீட்டர் அளவிலான மாற்றத்தையும் கணக்கிட முடியும்.

நிலம் தாழ்வது எப்படி?

பூமிக்கு அடியில் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. மண் துகள்களின் இடைவெளிகளை நிரப்பியுள்ள நீர், மேலே உள்ள நிலத்தின் எடையில் ஒரு பகுதியைத் தாங்கி நிற்கிறது. நீர் வெளியேற்றப்படும்போது அதன் அழுத்தம் குறைகிறது. அந்த எடை முழுவதும் மண் துகள்களின் மீது விழுகிறது. களிமண் துகள்கள் நெருங்கி இறுகுவதால் அடுக்கின் தடிமன் குறைந்து, தரையும் கீழிறங்குகிறது.

மழை பெய்தால் சரியாகிவிடாதா?

மணல் அடுக்கு பெருமளவு பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால், ஒரு வரம்பைக் கடந்து இறுகிய களிமண் மீண்டும் விரிவதில்லை. நீரை இழப்பதோடு, அதைச் சேமித்து வைக்கும் இடத்தையும் அங்கே நிரந்தரமாக இழக்கிறோம். மேலும், நிலம் ஒரே சீராகத் தாழ்வதில்லை. இதனால் கட்டடங்களிலும் சாலைகளிலும் விரிசல்கள் விழலாம், குழாய்கள் உடையலாம், வடிகால்களின் சரிவு மாறி மழைநீர் தேங்கலாம்.

தடுக்க முடியுமா?

முடியும் என்பதற்கு அதே தென்மேற்கு டெல்லியில் உள்ள துவாரகா சான்றாகும். அங்கு 2014 முதல் 2016 வரை ஆண்டுக்கு சுமார் 3.5 சென்டிமீட்டர் தாழ்ந்துவந்த நிலம், பின்னர் வேகம் குறைந்து, 2018-19-இல் சற்று மேலெழுந்தது. மழைநீர் சேகரிப்பு, நீர்நிலைகளின் மீட்பு, நீர் எடுப்புக்கான கட்டுப்பாடு ஆகியவற்றால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்ததே இதற்குக் காரணம் என ஆய்வு குறிப்பிடுகிறது.

உலகிலேயே மிக அதிகமாக நிலத்தடி நீரைப் பயன்படுத்தும் நாடு இந்தியா. நீர்மட்டம் சரிந்துவரும் மற்ற நகரங்களுக்கும் துவாரகாவின் அனுபவம் பொருந்தும். ஆனால், களிமண் முற்றிலும் இறுகுவதற்கு முன்பே அந்த நடவடிக்கைகள் தொடங்கப்பட வேண்டும்.